ஏழாம் படுக்கையின் அபயக்குரல்

தனிப்பாணிக்காரர் என்றோர் இனம் உண்டு. ஊரே தள்ளித் திறக்கும் கதவை இவர் இழுத்துத்தான் பார்ப்பார், படிவத்தில் பெயர் எழுதச் சொன்ன கட்டத்தில் கையெழுத்துப் போடுவார், ஏன் என்று கேட்டால், “எனக்குன்னு ஒரு பாணி இருக்குல்ல?” என்பார். இருக்கட்டும். யாருக்கு நஷ்டம்?

எங்கள் மென்பொருள் அலுவலகத்துத் தனிப்பாணிக்காரருக்கு ஓர் ஆஸ்பத்திரி வேலை வந்தது. நோயாளி படுக்கையருகே உள்ள பொத்தானை அமுக்கினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வேண்டும். மென்பொருளை எழுதினார். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நாற்பது சோதனைகளையும் எழுதினார். கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சோதனைக் கோப்பின் பெயர் ‘டெஸ்ட்’ என்று தொடங்கினால்தான், சோதனைகளை ஓட்டும் கருவி அதைத் தானாகத் தேடிப் பிடிக்கும். மற்றதைத் திரும்பியும் பாராது. இவரோ தம் கோப்புக்கு ‘ஏழாம் படுக்கையின் அபயக்குரல்’ என்று பெயர் சூட்டினார்.

பக்கத்து மேஜைக்காரி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். “சார், பேரு டெஸ்ட்டுன்னு ஆரம்பிக்கணுமே?”

“ஏம்மா, உன் பையனுக்குக் ‘குழந்தை’ன்னா பேரு வெச்சே?”

“இல்ல சார். ஆனா ஸ்கூல்ல பேரைப் பதிஞ்சு வெச்சிருக்கேன். இல்லேன்னா அவனைக் கூப்பிடவே மாட்டாங்களே!”

கேட்பாரா? கருவியை ஓட்டினார். மற்றவர்கள் தங்கள் மென்பொருள்களுக்கு எழுதிய சோதனைகள் எல்லாம் தேறின. திரையில் பச்சை டிக் விழுந்தது. எந்தச் சோதனை ஓடியது, எத்தனை ஓடியது என்று பச்சை டிக்கை யார் விசாரிக்கிறார்கள்? எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மென்பொருள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு மாதத்தில் அதே ஆஸ்பத்திரிக்கு அவரும் போய்ச் சேர்ந்தார், பித்தப்பைக் கல்லோடு. அந்த வார்டில் மென்பொருளைப் பொருத்தியே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அறுவை முடிந்த மறுநாள் காலை, வலி உயிர் போக, பொத்தானை அமுக்கினார். மணி அடிக்கவில்லை. மறுபடி அமுக்கினார். திரும்பத் திரும்ப அமுக்கினார். அன்றுதான் அந்த மென்பொருளுக்கு முதல் சோதனை நடந்தது.

பார்க்கப் போன பக்கத்து மேஜைக்காரிதான் ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தாள். வந்து இந்தக் கதையைச் சொன்னபோது நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். அடுத்த படுக்கைப் பெரியவர் நேற்றிலிருந்தே அமுக்கிக்கொண்டிருந்தாராம் என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பச்சை டிக்கைப் பார்த்து டீ குடித்தவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் உங்கள்மேல் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று போன வாரம்கூடச் சொன்னீர்களே, யாரிடமாவது கேட்டீர்களா?