நாமக்கல் படுத்தால் ஓமலூர்

நாமக்கல் சர்வரை அணைத்துப் பத்து நிமிடமாகியும் ஓமலூர் சர்வர் எழுந்திருக்கவில்லை.

அகல்யா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு. ஆறு மணிக்கு அவள் கிளம்பியே ஆகவேண்டும். நாளையிலிருந்து பத்து நாள் லீவு. அந்த லீவுக்கு முட்டைக் கம்பெனி முதலாளி மணியன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"போன மாசம் சர்வர் படுத்து, நாப்பது லாரி முட்டை வெயில்ல நின்னுச்சு. நீ இல்லாதப்ப அப்படி ஆனா நான் யாரைக் கூப்புடறது? நாமக்கல் பெட்டி படுத்தா ஓமலூர் பெட்டி தானா எந்திரிச்சு வேலையைப் பார்க்கோணும். அதை என்ற கண்ணுல காட்டிப்போட்டுப் போ அம்மிணி."

எந்தக் கடைக்கு எத்தனை முட்டை, எந்த லாரி என்று தீர்மானித்து டிரைவரின் செல்போனுக்குச் சொல்வது நாமக்கல் சர்வர். அதே விவரங்களின் நகலோடு ஓமலூர் கிளையில் இன்னொன்று காத்திருந்தது. காத்திருந்தது, அவ்வளவுதான்.

தேடிப் பார்த்தாள். நாமக்கல்லிடமிருந்து மூச்சுப் பேச்சு இல்லையென்றால் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கும்படி யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அந்த யாரோ அவள்தான். அதை மூன்று வினாடியாக மாற்றினாள்.

இப்போது ஓமலூர் துள்ளி எழுந்தது. ரொம்பவே துள்ளியது. நெட் லேசாக இருமினாலும் நாமக்கல் செத்துவிட்டதென்று முடிவுகட்டி வேலையைப் பிடுங்கிக்கொண்டது. மறுநொடியே நாமக்கல் அதைத் திரும்பப் பிடுங்கியது. ஒவ்வொரு முறையும் டிரைவர்களுக்குப் புதிது புதிதாக மெசேஜ் போனது.

அலுவலக போன் அலறியது.

"அம்மிணி, டிரைவர் சின்னுசாமி பேசறனுங்க. வண்டியைக் கெளப்புங்குது. கெளப்புனா நிறுத்துங்குது. மறுக்காவும் கெளப்புங்குது. பரமத்தி ரோட்டுல முன்னால ரெண்டடி, நின்னு ரெண்டடின்னு போய்ட்டிருக்கறனுங்க. பின்னால வந்தவன் எறங்கி வந்து, குடிச்சிருக்கியாய்யான்னு கேக்கறானுங்க!"

"ஒரே நிமிசம்ணா, சரி பண்ணிடறேன்!"

ஒருமுறை வேலையை எடுத்துக்கொண்ட பெட்டி, அதை யாருக்கும் திருப்பித் தரக்கூடாது என்று மாற்றினாள். பத்து நிமிடம் அமைதி. பிறகு இரண்டு ஊருக்கும் நடுவே எங்கோ ஒரு பொக்லைன் கேபிளை அறுத்தது. நாமக்கல் பார்த்தது: ஓமலூரைக் காணோம், இனி எல்லாம் நானே. ஓமலூர் பார்த்தது: நாமக்கல்லைக் காணோம், இனி எல்லாம் நானே.

மணியன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"திருச்செங்கோட்டுல ஒரு மெஸ்ஸுக்காரர் முன்னூறு முட்டை கேட்டாரு. அவர் ஊட்டு வாசல்ல ரெண்டு லாரி நிக்குது! ஒண்ணைத் திருப்பி அனுப்புங்கன்னா, 'எதைன்னு சொல்லுங்க, ரெண்டு டிரைவர்கிட்டயும் மெசேஜ் இருக்குது'ங்கறாரு!"

"ரெண்டு பெட்டியுமே தான்தான் பெரிய ஆளுன்னு நெனைச்சுட்டிருக்குதுங்க சார்."

"அந்தக் கூத்தைத்தான் நானும் என்ற தம்பியும் இருவது வருசமா ஆடறமே. இங்கயுமா?"

ஓமலூரை அணைத்துவிட்டால் பிரச்சினை தீரும். லீவும் தீர்ந்துவிடும். அகல்யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரெண்டு பேர் சண்டையை அந்த ரெண்டு பேரே தீர்க்க முடியாது. மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும்.

"ராசிபுரம் கிளையில அட்டெண்டன்ஸ் போடற கம்ப்யூட்டர் எந்நேரமும் ஓடிட்டுத்தானுங்களே இருக்குது?"

"அதுக்கு முட்டையப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாங்க. ஓட்டுப் போட்டாப் போதும்."

மூன்று பெட்டிக்கும் ஆளுக்கொரு ஓட்டு. ஓட்டு இரண்டு கிடைத்த பெட்டி வேலை பார்க்கும். கிடைக்காத பெட்டி வாயை மூடிக்கொண்டு உட்காரும். அவள் விரல்கள் பறந்தன. ஆறு மணி எப்போதோ தாண்டியிருந்தது. அவள் பார்க்கவில்லை. கேபிளை ஒட்டுப் போட்டுச் சரிசெய்துவிட்டதாகத் தகவல் வந்ததும் எழுந்து நின்றாள்.

"சார், நல்லாப் பாத்துக்குங்க."

நாமக்கல் சர்வரின் மின்கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கினாள். மணியன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நாலாவது வினாடி, ஓமலூர் எழுந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது. கம்பியை மறுபடி செருகினாள். நாமக்கல் கண் விழித்தது, நிலவரத்தைக் கேட்டது, சமர்த்தாக ஓரமாய் உட்கார்ந்தது.

சின்னுசாமியைக் கூப்பிட்டாள். "அண்ணா, இப்ப ஏதாச்சும் மாறுச்சுங்களா?"

"என்ன மாறோணும்? வண்டி சும்மா ஜம்முனு போகுதுங்க அம்மிணி!"

மணியன் கைதட்டியே விட்டார். "ஆளே மாறியிருக்குது, ஒருத்தனுக்கும் தெரியலையே! போ சாமி, பத்து நாளைக்கு நான் உன்னைக் கூப்புடவே மாட்டேன்."

அகல்யாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்த அறையில் மூன்று வருடமாக அவளைத் தேடாத நாளே கிடையாது. இனி அவள் இல்லாமலே எல்லாம் ஓடும். செய்து காட்டிவிட்டாள்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் வசந்தாமணி, கையில் பெரிய பெட்டியோடு மூச்சு வாங்க நின்றாள்.

"ஏனுங்க கல்யாணப் பொண்ணு, ரிசப்ஷன் ஆரம்பிச்சு ஒரு மணி நேரமாச்சுங்க, மேடையில மாப்பிள்ளை பக்கத்துல மாலையும் மேக்கப்புமா நிக்கறது உங்க தங்கச்சிங்க!"