வண்டிக்கு நாலு ஏர்

"தெரியாது" என்கிற சொல்லை முப்பத்தாறு வயது வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாத ஊரில் யாராவது வழி கேட்டால்கூட, கையை நீட்டி ஏதாவது ஒரு திசையைக் காட்டிவிடுவேன். (அப்படி நான் அனுப்பி வைத்தவர்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன்.) அந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய டீசல் வண்டி.

அப்போது நான் கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடிக்கிற வேலையில் இருந்தேன். மாதத்தில் இருபது நாள் கேரளத்தில் அலைச்சல். அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், லாட்ஜ் மூட்டைப்பூச்சியைப் பொறுக்க முடியாது. என்னைக் கண்டாலே அவற்றுக்குக் கல்யாண விருந்து. ஊர் திரும்பினால், "அம்மை போட்டிருக்கா?" என்று தெருவில் கேட்பார்கள். அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு வண்டி விலைக்கு வருவதாகத் தகவல் வந்தது.

ஊர் ஊராகப் போய் லேகியம் விற்ற ஒருவருடைய வேன் அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. மனுஷர் பத்து வருஷம் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, அதிலேயே வைத்தியமும் பார்த்திருக்கிறார். "படுத்த படுக்கையா கெடந்த வண்டின்னு நெனச்சிராதீங்க, இது படுக்கையோட ஓடுற வண்டி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். இன்ஜினைத் திறந்து காட்டினார். டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, "ம்ம்" என்றேன். அதுவரை நான் ஓட்டியது ஸ்கூட்டர் மட்டும்தான். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. டீசல் இன்ஜினில் எது முன்பக்கம் என்றுகூடத் தெரியாது.

வண்டியில் இரண்டு விஷயங்கள் நிரந்தரம். ஒன்று லேகிய வாடை. மற்றொன்று, டீசல் முள். எவ்வளவு ஓட்டினாலும் அது பாதியிலேயே நின்றது. 'என்ன சிக்கனமான வண்டி!' என்று நான் பூரித்துப் போனேன்.

என் தங்கை செண்பகம் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், பி.எட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஒன்பது வருஷம் காத்திருந்தாள். நர்சரி பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்குத் தொண்டை கிழியக் கத்தினாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "வேலை கெடச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு மிக்சரைத் தின்றுவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு நாள் கார்டு வந்தது. தூத்துக்குடியில் காலை பத்தரைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, நேர்முகம். வராதவர்களின் பெயர் விட்டுப்போகும், அவ்வளவுதான். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்ததால் இன்னொரு கார்டுக்குக் காத்திருக்க அவளால் முடியாது.

அவள் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தாள். நான்தான் விடவில்லை.

"ஏட்டி, வீட்டுல வண்டி நிக்கும்போது பஸ்ல போவியா? கட்டில்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் படி. இறங்கும்போது கசங்காத சேலையோட இறங்கலாம்."

"வண்டி போய்ச் சேருமாண்ணே?"

"எங்கிட்டயா கேக்க?"

ஆறு மணிக்குக் கிளம்பினோம். அம்மா கட்டிக் கொடுத்த இட்லியும் எள்ளுப்பொடியும் மடக்கு மேசையில். செண்பகம் கட்டிலில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நியூட்டன் விதிகளை முணுமுணுத்தாள். பசுவந்தனை தாண்டி ஓட்டப்பிடாரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். முந்தின வாரம்தான் நல்ல மழை. இரண்டு பக்கமும் கரிசல் ஈரத்தில் மின்னியது. நான் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். (வண்டியின் சத்தத்தில் கேட்காது என்ற தைரியம்.)

இரண்டு இருமல். ஒரு குலுக்கல். வண்டி நின்றது.

டேங்க் காலி. முள் மட்டும் பாதியில். நான் பதறவில்லை, பின்னால் ஒரு கேனில் டீசல் இருந்தது. ஊற்றினேன். ஸ்கூட்டர் என்றால் இந்நேரம் ஓடியிருக்கும். இதுவோ சாவியைத் திருப்பத் திருப்ப முனகியதே தவிர, உயிர் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பஸ் வந்தது. செண்பகம் போவதாக இருந்த அதே தூத்துக்குடி பஸ். எங்களைப் பார்த்துத் தானாகவே நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்ன அண்ணாச்சி, நின்னுபோச்சா? ஏறுதீங்களா?" என்றார்.

செண்பகம் ஃபைலோடு இறங்கி, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, கண்டக்டரைப் பார்த்துச் சிரித்து, "நீங்க போங்க, சின்ன ரிப்பேர். அஞ்சு நிமிசத்துல ஒங்களுக்கு முன்னால போயிருவோம்" என்றேன். பஸ் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் என் வண்டியை என் தங்கையே நம்பாமல் இறங்கிப் போவதா? கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பத்து மணிக்குத்தான்.

பக்கத்து ஊருக்கு ஓடினேன். டீக்கடையை ஒட்டி ஒரு டெலிபோன் பூத். கோவில்பட்டி மெக்கானிக் சுடலைமுத்துவைப் பிடித்தேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஏர் புடிச்சிருக்கும். ஏர எடுத்து விட்டீங்கன்னா கெளம்பிரும். எடுக்கத் தெரியும்லா?" என்றார்.

இங்கே ஒரு சாதாரண மனிதன் என்ன சொல்லியிருப்பான் என்பது உங்களுக்குத் தெரியும்.

"எங்கிட்டயா கேக்கீங்க?" என்று போனை வைத்துவிட்டேன்.

வண்டியில் ஏர், அதாவது காற்று, எங்கே இருக்கும்? டயரில் இருக்கும். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. முந்தின நாள் பங்க்கில் காற்றை அளவுக்கு மீறி அடித்துவிட்டார்கள், வண்டி விறைத்துப்போய் நகர மறுக்கிறது. மேதைகளுக்கு இப்படித்தான் பொறி தட்டும் போலிருக்கிறது.

டீக்கடை பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் அய்யாத்துரை என்று பிறகு தெரிந்தது.

"என்ன, வண்டி மாட்டிக்கிட்டா?" என்றார்.

"ஆமா. ஏர் எடுக்கணும். கொஞ்சம் ஒத்தாசை வேணும்."

"ஏரா? எத்தன?"

"நாலும் எடுத்தாத்தான் நகரும்னு நெனைக்கேன்."

"நாலு ஏரா!" அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அம்புட்டுப் பெரிய வண்டியா?"

"உள்ள கட்டிலே இருக்கு" என்றேன், பெருமையாக.

"அப்ப சரி. நீங்க முன்ன போங்க. நான் ஆளுகளக் கூட்டிக்கிட்டு வாரேன்."

எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நெகிழ்ந்தபடி திரும்பி ஓடினேன். அவர்கள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று ஒரு குச்சியை எடுத்து முன் டயரில் வைத்து அழுத்தினேன். புஸ்ஸென்றது.

"என்ன செய்யுத?" என்றாள் செண்பகம்.

"ஏர் எடுக்கேன். மெக்கானிக் சொன்னாரு."

"டயர் காத்துக்கும் இன்ஜினுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"டீசல் வண்டில எல்லாத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஒங்க பிசிக்ஸ்ல அதெல்லாம் வராது."

நாலு டயரையும் முடித்தேன். வண்டி பெருமூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினேன். அதே முனகல்தான். மணி எட்டு. செண்பகம் கட்டிலில் போய் உட்கார்ந்து சத்தம் வராமல் அழ ஆரம்பித்தாள். அந்த ஜன்னல் திரையைப் பார்த்தபடி வெளியே நின்றேன் பாருங்கள், அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஒன்பது வருஷத்தை ஒரு குச்சியால் குத்தி இறக்கிவிட்டேன் என்று புரிந்துவிட்டது.

அப்போது ரோட்டில் மணிச் சத்தம் கேட்டது. முதலில் இரண்டு மாடுகள். அதன் பின்னால் இரண்டு. இன்னும் இரண்டு. இன்னும் இரண்டு. எட்டு மாடுகள், நாலு கலப்பை, நாலு ஆட்கள். முன்னால் அய்யாத்துரை, தோளில் வடக்கயிற்றுச் சுருளோடு.

"நாலு ஏரும் கொண்டாந்துட்டேன்" என்றார். "எங்க எறங்கியிருக்கு?"

மழைக்காலத்தில் கரிசலில் சக்கரம் புதைந்துவிட்டால் உழவு மாட்டைக் கட்டித்தான் இழுப்பார்களாம். லாரிக்கே இரண்டு ஏர் போதுமாம். நாலு ஏர் கேட்ட ஆள் என்ன வண்டி வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான் மற்ற மூன்று பேரும் உழவைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வண்டியோ நட்ட நடுத் தார் ரோட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இது லேகியக்காரர் வண்டில்லா?" என்றார் ஒருவர். இன்னொருவர் டயர்களைப் பார்த்தார். "காத்த எவன் புடுங்குனது?"

"நான்தான்" என்றேன். "மெக்கானிக் ஏர் எடுக்கச் சொன்னாரு."

அய்யாத்துரை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். என் வாழ்நாளில் அவ்வளவு இரக்கமாக யாரும் என்னைப் பார்த்ததில்லை. "டீசல் தீந்து நின்னுச்சா? அட, அந்த ஏரா! எங்க கெணத்து ஆயில் இன்ஜினுக்கு வாரத்துக்கு ஒருக்கா புடிக்குமே!" என்றவர், இன்ஜினைத் திறந்து ஒரு போல்ட்டைத் தளர்த்தி, அங்கே இருந்த கைப்பம்பை அமுக்கினார். குழாயில் அடைத்திருந்த காற்று டீசலோடு நுரை நுரையாகக் குமிழ் விட்டு வெளியேறியது. நுரை நின்றதும் போல்ட்டை இறுக்கினார். "இப்ப போடுங்க." அடுத்த முறுக்கில் இன்ஜின் கர்ஜித்தது. இரண்டு நிமிஷ வேலை.

"ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாது" என்றேன். முதல் தடவை. சொல்லிவிட்டு உடைந்துபோய், தங்கையின் இன்டர்வியூ வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

இன்ஜின் ஓடியது, ஓட டயர் இல்லை. ஆனால் மாடு இருந்தது. எட்டு மாடு இருந்தது. அய்யாத்துரை தன் ஆட்களில் ஒருவரைப் பார்த்து, "ஏலே கருப்பா, கலப்பைய எறக்கி வச்சிட்டு, ஊருக்குள்ள நிக்க ஒன் கட்ட வண்டில மாட்டப் பூட்டிக்கிட்டு ஓடியா. டீச்சரம்மாவ ஓட்டப்பிடாரம் பஸ் ஸ்டாண்டுல விடணும்" என்றார். கருப்பனின் மாடுகள்தான் அந்த வட்டாரத்திலேயே நல்ல ஓட்டக்கார மாடுகளாம். அந்த இரண்டும் உழவை விட்டு வந்தே இருக்காது, நான் மட்டும் முறையாக உதவி கேட்டிருந்தால்.

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலோடு ஏறினாள். நானும் ஏறப் போனேன்.

"நீ இங்கனயே இரு" என்றாள். "கால்ல விழுதேன், ஒண்ணையும் தொடாத."

மாட்டு வண்டி பறந்தது. நாலு மைலும் மாடுகள் நடக்கவே இல்லை என்று கருப்பன் வந்து சொன்னார். ஓட்டப்பிடாரத்தில் தூத்துக்குடி பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்ததாம். அவர் மாட்டை அதன் குறுக்கே விட்டு நிறுத்தி ஏற்றியிருக்கிறார்.

மத்தியானம் சுடலைமுத்து காற்றடிக்கிற பம்போடு வந்தார். டயர்களைப் பார்த்ததும் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். பம்பை நான்தான் அடித்தேன். நாலு டயரையும். யார் உதவிக்கு வந்தபோதும் விடவில்லை, அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

நாலு மணி பஸ் வந்து நின்றது. காலையில் பார்த்த அதே கண்டக்டர். "இன்னும் அஞ்சு நிமிசம் ஆகலியா அண்ணாச்சி?" என்றார். அவருக்குப் பின்னால் செண்பகம் இறங்கினாள். சேலை ஓரமெல்லாம் கரிசல் சேறு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"கடைசியில இருந்து மூணாவதா கூப்புட்டாங்கண்ணே. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்."

அவள் முன்னால் நான் அழுதது அன்று ஒரு நாள்தான். இரண்டு மாதத்தில் வேலைக்கான உத்தரவு வந்தது. மிக்சரைத் தின்றுவிட்டுப் போனவர்களில் ஒருவர் வீட்டிலிருந்து மறுபடி வந்தார்கள். "மிக்சர் தீந்துபோச்சு" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

வண்டியை அதன் பிறகு ஆறு வருஷம் வைத்திருந்தேன். மூட்டைப்பூச்சி ஒன்றுகூட அண்டவில்லை. (லேகிய வாடைக்கு அதுவும் பயந்திருக்க வேண்டும்.) எங்கள் வீட்டில் மட்டும் கிரைண்டர் நின்றாலும், கரண்டு போனாலும், செல்போனில் சிக்னல் போனாலும், "மாமா, நாலு ஏரு சொல்லட்டுமா?" என்று செண்பகத்தின் பிள்ளைகள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷம் செண்பகத்துக்குப் பணி ஓய்வு விழா. தலைமையாசிரியை. மேடையில் முழுக்கதையையும் சொன்னாள். குச்சி, புஸ், எட்டு மாடு, எதையும் விடவில்லை. ஹாலே குலுங்கியது. "எங்கண்ணன் தப்பாச் சொன்ன அந்த ஒத்தச் சொல்லுலதான் எனக்கு வேலை கெடச்சிச்சு" என்று முடித்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவள் இதை நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம், அவள் வீட்டுக்காரரிடம், பிள்ளைகளிடம். ஒரு தடவைகூட ஒன்றைச் சொன்னதில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "ஏட்டி, அந்தப் பஸ் வந்து நின்னதையும், நான் அனுப்பிவிட்டதையும் மட்டும் ஏன் யார்ட்டயுமே சொல்ல மாட்டேங்க?"

அவள் என் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை விட்டாள்.

"எந்தப் பஸ்ஸு?" என்றாள்.