மெம்ப்ரேன்காரரின் வாக்கிங்

இனி யாருக்கும் பயப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். யாருக்கும் என்றால், வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும் மட்டும்தான். முடிவெடுத்த கையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க வந்தேன் என்றேன்.

விஷயம் இதுதான். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். பெரிய ஜூஸ் கம்பெனி ஒன்றில் காலமெல்லாம் மெம்ப்ரேன் மெஷினோடு குடித்தனம் நடத்தியவன். மெம்ப்ரேன் என்றதும் பயந்துவிடாதீர்கள். சல்லடைதான். ஆனால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வெங்காயத் தோலை விட மெலிசாக ஒரு சவ்வு. அதைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, குழாய்க்குள் திணித்து வைத்திருப்பார்கள். கலங்கலான சாற்றை பம்ப் போட்டு உள்ளே தள்ளினால் சக்கை, கசடு எல்லாம் ஒரு பக்கம் நிற்கும். தெளிந்த சாறு மறுபக்கம் கண்ணாடி மாதிரி இறங்கும். பம்ப் சத்தத்தைக் கேட்டே எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பாரே, அந்த மாதிரி. எனக்குக் குழாய்கூட வேண்டாம்.

அப்படிப்பட்ட ஆளைக் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆவான்? கை நமநமவென்று ஊறியது. தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. குக்கர் பக்கத்தில் நின்று, பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி என்று அபிப்பிராயம் சொன்னேன். கை வைக்க ஒரு மெஷின் இல்லாவிட்டால் நான் அரை மனுஷன். அந்த அரை மனுஷன் ஒருநாள் டீயை வடிகட்டினான். இன்னும் தெளியட்டும் என்று துணியில் ஊற்றினான். துணியை நாலாக மடித்து இன்னொரு தடவை. அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது?"

"டீ."

"டீயைத் தவிர மத்த எல்லாம் இருக்கு இதுல."

"கசடெல்லாம் எடுத்துட்டேன்."

"அந்தக் கசடுதாங்க டீ."

வடிகட்டிய துணி எது என்பதை இங்கே எழுத வேண்டாம். அவள் இதைப் படிப்பாள்.

அன்று சாயங்காலம் அவள் சட்டம் போட்டாள். இத்தனை வருஷம் உழைத்தது போதுமாம். இனி வேலை என்று வாசலைத் தாண்டக் கூடாதாம். யார் வந்து காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் போகக் கூடாதாம். அதிலும் முக்கியமாக, பின்தெருவில் ஒரு பெண் புதிதாக ஜூஸ் கம்பெனி வைத்திருக்கிறாளாம். எங்கேயோ பழைய மெம்ப்ரேன் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, எது தலை எது வால் என்று தெரியாமல் தவிக்கிறாளாம்.

"நீங்க அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது. தையல் கடைக்கு எதிர்ல பச்சை கேட்டு. காலைல எட்டு மணிக்கெல்லாம் தொறந்துடறா. அந்த வழியாவே போகாதீங்க, சொல்லிட்டேன்."

அப்படி ஒரு கம்பெனி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பாவம், வாயை விட்டுவிட்டாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எனக்கென்ன தலையெழுத்தா, நான் ஏன் அங்கே போகிறேன் என்றேன். உள்ளுக்குள் பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலை செருப்பை மாட்டினேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"எந்த டாக்டர்?"

அவசரத்தில் ஒரே ஒரு டாக்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார். "பல் டாக்டர்."

"பல் டாக்டர் எதுக்குங்க நடக்கச் சொல்றாரு?"

"வாயைத் தொறந்ததுமே உடம்பு மொத்தமும் தெரிஞ்சிடுச்சாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, டாக்டரே சொன்ன பிறகு மீறக் கூடாது, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள் என்றாள். நாற்பது வருஷத்துக் குடித்தனத்தில் நான் ஜெயித்த முதல் ஆட்டம்.

பச்சை கேட்டுக்குள் நுழைந்தபோது மணி எட்டு. முதலாளியம்மா சின்ன வயசு, என் மகள் வயசுதான் இருக்கும். கையில் ஸ்பானரோடு மெஷினை முறைத்துக்கொண்டு நின்றாள். நான் இன்னார், சம்பளம் எல்லாம் வேண்டாம், கை வைக்க இடம் கொடுத்தால் போதும், ஆனால் என் வீட்டுக்கு மட்டும் தெரியவே கூடாது என்றேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து நீட்டினாள். என் தொப்பைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. திறமைசாலியைப் பார்த்ததும் எல்லாம் தானாக அமையும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பச்சைத் திராட்சை. சக்கை நீக்கி வைத்த சாறு ஒரு தொட்டி நிறைய இருந்தது. முதலாளியம்மாவை நிற்க வைத்துப் பாடம் எடுத்தேன். சாற்றை மெம்ப்ரேன் மேல் நேராக மோத விடக் கூடாது, மோதினால் அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓட விட வேண்டும், ஓடுகிற ஓட்டத்திலேயே இறங்க வேண்டியது இறங்கிவிடும். வீட்டில் நான் காரியம் சாதிப்பதும் இப்படித்தான் என்று சேர்த்துக்கொண்டேன். அவளுக்கு ஏனோ இருமல் வந்தது.

பம்ப்பைப் போட்டேன். ஆகா, என்ன சத்தம். எங்கள் கம்பெனி பம்ப்பை விட ஒரு கட்டை மேலேதான் பாடியது, பிரஷர் முள்ளும் எங்கேயோ போய் நின்றது. பழைய மெஷின், கிழட்டுக் கோபம் என்று விட்டுவிட்டேன். ஒரு குழாயில் கொழகொழவென்று மஞ்சளாக வந்தது. கசடு என்று சொல்லி ஒரு டிரம்மில் விடச் சொன்னேன். இன்னொரு குழாயில் வந்தது பாருங்கள், அப்படி ஒரு தெளிவை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. மஞ்சள் நிறம்கூட இல்லை. நிறத்தையே வடிகட்டிவிட்டேன். அரைமணி நேரம் பாட்டில் பாட்டிலாகப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே, இந்தத் தெளிவு வருவதற்குக் கை ராசி வேண்டும் என்று விளக்கினேன்.

முதலாளியம்மா ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள்.

"சார், இது தண்ணி."

"தண்ணி மாதிரி தெளிவா இருக்குன்னு சொல்லுங்க."

"இல்ல சார். தண்ணிதான்."

நானும் குடித்தேன். தண்ணீர்தான். நல்ல தண்ணீர். பிறகு அவள் கசடு டிரம்மில் ஒரு ஸ்பூனை விட்டு நக்கிப் பார்த்தாள். திராட்சைத் தோட்டத்தையே நாக்கில் வைத்த மாதிரி இருக்கிறது என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் கம்பெனி மெம்ப்ரேன் கொஞ்சம் தாராளம். சக்கையை நிறுத்திவிட்டுச் சாற்றை விட்டுவிடும். இங்கே இருந்தது மகா கஞ்சன். தண்ணீரை மட்டும்தான் விடும். சர்க்கரை, புளிப்பு, மணம் எல்லாவற்றையும் உள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சாமலே சாற்றைக் கெட்டியாக்குகிற ஜாதி. வெளியே இருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிக் குழாய். சத்தத்தில் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் பம்ப்பை விட்டுவிட்டு என் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அசரவில்லை. இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே செய்ய நினைத்தேன் என்றேன்.

"அப்புறம் ஏன் சார் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சீங்க?"

"பாட்டிலைக் கழுவ."

அந்தக் கெட்டிச் சாறுதான் பிறகு அவளுக்குக் கை கொடுத்தது. அடுப்பில் காய்ச்சினால் ஓடிப்போகிற மணம் இதில் அப்படியே இருந்தது. பேக்கரிக்காரர்கள் கேன் கேனாகக் கேட்டார்கள். கம்பெனி சூடு பிடித்தது. நானும்.

வீட்டில் மறைப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு தொட்டி முடிந்ததும் மெம்ப்ரேனைச் சோப்புக்குப் போடுகிற காரம் கலந்த வெந்நீரில் கழுவ வேண்டும், அப்புறம் அமிலம் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும், அப்புறம் நல்ல தண்ணீர். கழுவுகிறவன் மேல் ஆஸ்பத்திரியும் சோப்புக் கம்பெனியும் கட்டிப் புரண்ட மாதிரி ஒரு வாசனை அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தால் குடையை விரித்துக்கொண்டு சுவரோரம் போவேன். மழை பெய்யாத நாளில் குடை பிடிப்பதே அவர் என்னைக் கவனிக்கக் காரணமாகிவிட்டது. வீட்டு வாசலில் நின்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, நடந்து களைத்தவன் மாதிரி உள்ளே போவேன். ஒருநாள் அவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க வாசனை இது?"

"பார்க்குல மரத்துக்கு மருந்து அடிச்சாங்க."

"செருப்பெல்லாம் திராட்சைத் தோலா ஒட்டியிருக்கு."

"அந்த மரம்தான். திராட்சை மரம்."

"திராட்சை கொடியாச்சேங்க."

"பழைய பார்க்கு. கொடி முத்தி மரமாயிடுச்சு."

அவள் ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தாள். பிடிபட்டேன் என்று நினைத்தேன். அதுதான் இல்லை. பிரஷ் தேய்த்து முடிப்பதற்குள், ஒரு மணி நேர நடை பத்தவில்லை போலிருக்கிறது, மதியம் வரைக்கும் நடந்தால் என்ன என்று கேட்டாள். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. உனக்காக வேண்டுமானால் நடக்கிறேன் என்று சலித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மதியம் சாயங்காலமானது. நடக்கிற மனுஷனுக்குப் பசிக்குமே என்று டிபன் பாக்ஸ் கட்டினாள். ரெண்டு அடுக்கு. நடுவில் தாகம் எடுக்குமே என்று ஃபிளாஸ்க். காலை எட்டு மணியிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் நான் நடந்ததாகக் கணக்கு. உண்மையாகவே அவ்வளவு நடந்திருந்தால் இந்நேரம் பாஸ்போர்ட் கேட்டிருப்பார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓசி ஜூஸ் குடித்துக் குடித்துத் தொப்பை ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. நடக்க நடக்க வயிறு ஏறுகிற ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். அதையும் அவள் சந்தேகப்படவில்லை. உள்ளே இருந்த காற்றெல்லாம் நடையில் விரிகிறது போல என்று அவளே காரணம் சொன்னாள். இவ்வளவு வெள்ளந்தியை ஏமாற்றுகிறோமே என்று எனக்கே மனசு கேட்கவில்லை. ரெண்டு நாள் சாதத்தைக் குறைத்துச் சாப்பிட்டேன்.

அப்புறம் பழ சீசன் வந்தது. லாரி லாரியாக இறங்கியது. ஒரு தொட்டி முடிவதற்குள் அடுத்த தொட்டி. இடுப்பு என்னோடு பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டது. எனக்குத் திடீரென்று வீட்டு நாற்காலி ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் காலை நீட்டி, ஒரு டம்ளர் டீயைக் கசடோடு குடித்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்க மாட்டோமா என்று ஏங்கினேன். வீட்டில் இருந்தபோது அங்கே போகத் துடித்தேன். அங்கே போனதும் வீட்டுக்கு வரத் துடிக்கிறேன். இந்த மனசுக்கு எந்த மெம்ப்ரேன் போட்டு வடிகட்டுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு வாக்கிங் வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றேன்.

அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, டாக்டர் பேச்சை மீறலாமா என்றாள். ஒரு நாள்தானே என்றேன். ஒரு நாள் விட்டால் பல்லுக்கு ஆகாது என்றாள். பல்லுக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க முடியாது. சம்பந்தம் கண்டுபிடித்தவனே நான்தானே. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பச்சை கேட்டு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். வீட்டில் லீவு கிடைக்காது. முதலாளியம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அவள் லீவு கொடுத்துவிட்டால் எங்கேயாவது மரத்தடி பெஞ்சில் படுத்துவிட்டுச் சாயங்காலம் வீடு போய்ச் சேரலாம். கசங்கிய முகத்தோடு போய், ஒரே ஒரு நாள் லீவு வேண்டும் என்றேன்.

அவள் தலையைச் சொறிந்தாள்.

"அது என் கையில இல்லையே சார். அக்காவைத்தான் கேக்கணும்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான்."

அப்புறம் அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் பச்சை கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே என் மனைவி ஒருநாள் வந்து போயிருக்கிறாள். மனுஷன் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவிக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை, என் அடுப்படியும் பிழைக்க வேண்டும், எப்படியாவது சேர்த்துக்கொள் என்றாளாம். வரச் சொல்லுங்கள் அக்கா என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"வரச் சொன்னா வர மாட்டாரு, வரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பறேன்னாங்க சார்."

 ஏப்ரனை ஆணியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். கோபத்தை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு, ஊரைச் சுற்றி வீட்டுக்கு நடந்தேன். இத்தனை நாளில் உண்மையாகவே நடந்தது அன்றைக்குத்தான்.

அவள் ஜன்னலோரம் என் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. வீடு அமைதியாக இருந்தது. குழாய்கள் எல்லாம் மூடியிருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. நடந்து வந்ததில், சேர்த்து வைத்த கோபம் எங்கே வடிந்ததோ தெரியவில்லை. கதவோரம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நாள் லீவு வேணும் என்றேன்.

அவள் டீயை நிதானமாக ஒரு வாய் உறிஞ்சினாள்.

"இப்ப சீசன். முடியட்டும், பார்க்கலாம்."