மெயிலில் போடச் சொன்ன வக்கீல்

இன்டர்நெட் உரிமை வக்கீல் என்பது தொண்ணூற்றொன்பதில் கோயமுத்தூரில் புதிதாகத் தோன்றிய ஓர் இனம். கோபாலபுரத்தில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். காங்கேயத்துப் பக்கம் தோப்புள்ள குடும்பத்தில் பிறந்து, வரப்புத் தகராறு வழக்குகளில் வரிசையாகத் தோற்று, கடைசியில் நாட்டில் இன்னும் சட்டமே வராத ஒரு துறையாகப் பார்த்து அதில் நிபுணராகிவிட்டவர். கெட்டிக்காரர்தான். சட்டமே இல்லாத இடத்தில் யார் போய்த் தோற்பது?

நம்மவர் பெயர் கந்தப்பன். கல்லூரி விழாவோ, கொடுமுடியில் நூலகத் திறப்போ, மைக் இருக்கும் இடமெல்லாம் போய், அரசாங்கம் போனை ஒட்டுக் கேட்கிறது, கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறது, மனிதனுக்கு மிச்சமிருக்கும் ஒரே அந்தரங்கம் ஈ-மெயில்தான் என்று முழங்கிவிட்டுப் பொன்னாடையோடு திரும்புவார். ஆனால் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. காந்திபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஆல்வின்தான் தினமும் அவருடைய மெயிலைத் திறந்து, பிரின்ட் எடுத்து, கவரில் போட்டு ஒட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். வக்கீல் பேனாவால் பதில் எழுதுவார். ஆல்வின் அதைத் தட்டி அனுப்புவார். பாஸ்வேர்டும் ஆல்வினிடம்தான். அவ்வளவு அந்தரங்கம்.

ஒரு திங்கட்கிழமை ஆல்வினைப் போலீஸ் பிடித்துப்போனது. யாரோ அவர் கடையில் உட்கார்ந்து ஒரு கவுன்சிலரைத் திட்டி மெயில் அனுப்பியிருந்தான். அனுப்பியவன் அகப்படவில்லை, கடைக்காரர் அகப்பட்டார். கடைக்கும் பூட்டு. மனைவி அன்புச்செல்வி மதுக்கரையிலிருந்து கைக்குழந்தையோடு பஸ் ஏறி வக்கீலிடம் வந்தாள்.

"ஏனுங்கய்யா, ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு ஞானஸ்நானமுங்க. அதுக்குள்ள அவரை வெளிய எடுத்துப்போடலாங்களா?"

கந்தப்பன் ஜன்னலைச் சாத்தினார். "இங்க எதும் பேசாதீங்க அம்மணி. விவரத்தையெல்லாம் மெயில்ல போட்டுருங்க. பாத்துட்டு நான் செய்யறேனுங்க."

அவள் ஆர்.எஸ்.புரத்தில் வேறொரு சென்டரைத் தேடிப்பிடித்து, அங்கிருந்த பெண்ணைக் கெஞ்சி, எல்லாவற்றையும் அடிக்கச் சொல்லி அனுப்பினாள். அனுப்பிவிட்டு நம்பிக்கையோடு காத்திருந்தாள். வக்கீலும் சும்மா இருக்கவில்லை. ஆல்வின் கைதைக் கண்டித்து அந்த வாரம் மூன்று கூட்டங்களில் பேசினார். மூன்றாவது கூட்டத்தில் மேசையைத் தட்டி ஒரு பயங்கரத்தையும் வெளியிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு ஒரு மெயில்கூட வரவில்லையாம். அரசாங்கம் வழியிலேயே மறித்துவிட்டதாம். கூட்டம் கொதித்தது. மெயில் திறக்கும் ஆள் ஜெயிலில் இருப்பது அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞானஸ்நானம் அப்பன் இல்லாமலே நடந்தது. மறுநாள் அன்புச்செல்வி, சந்தின் கோடியில் இருந்த திருமலைசாமியிடம் போனாள். கிணற்று வழக்கும் பாகப்பிரிவினை வழக்கும் நடத்துகிற சாதாரண வக்கீல் அவர். ஈ-மெயில் என்றால் என்னவென்று அவளிடமே கேட்டுவிட்டு, ஒரு ஜாமீன் மனு எழுதினார். சாயங்காலம் ஆல்வின் வெளியே வந்தார்.

பூட்டு எடுத்த அன்று ஆல்வின் வழக்கம்போல வக்கீலின் மெயிலைத் திறந்தார். மனைவி அனுப்பியது அங்கேயே கிடந்தது. அதைப் பிரின்ட் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, கொண்டுபோய்க் கொடுத்தார். கந்தப்பன் படித்தார். கண் கலங்கினார். உடனே பேனாவை எடுத்து, 'தங்கள் கணவரின் வழக்கை ஏற்றுக்கொண்டேன். தைரியமாக இருக்கவும்' என்று எழுதி நீட்டினார்.

"அவசரமுங்க ஆல்வின். இப்பவே அனுப்பிப்போடுங்க."

ஆல்வின் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சரிங்க" என்றார்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வாசல்வரை வந்து அழுதவரிடம், 'எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்' என்றீர்களே, அந்தக் காகிதத்தை எங்கே வைத்தீர்கள்?