டாக்கர் ஃபோல்டரில் நான் செய்த துப்புரவு

குன்னூர்,
வியாழக்கிழமை.

அன்புமிக்க மாப்பிள்ளை நவநீதன் அவர்களுக்கு, மாமனார் ஆறுக்குட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மழையும் நலம். கோவையில் நீங்களும் தாரிணியும் வெயிலோடு நலமாக இருக்க மருதமலையான் அருளட்டும்.

எங்கள் தேயிலைத் தரகு அலுவலகத்துக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த ஏலப்பட்டியல் மென்பொருள், செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டது. பன்னிரண்டுக்குள் ஏலத்துக்குப் பட்டியல் போயாக வேண்டும். அவசரத்துக்கென்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்த கடவுச்சொல்லை அவசரப்பட்டே பயன்படுத்தி உள்ளே போனேன். டாக்கர் என்ற ஃபோல்டருக்குள் நாற்பது ஃபோல்டர்கள், ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாக முழநீளப் பெயர். மனிதன் வைக்கிற பெயரா அது? வைரஸ்தான் குடித்தனம் வந்திருக்கிறது என்று முடிவுகட்டி, பெரிதாகப் பார்த்துப் பத்தை அழித்தேன். இடம் கிடைத்தது, மென்பொருள் போய்விட்டது. பதினோரு வருஷமாகத் தேநீரை ருசித்து எழுதிய குறிப்பெல்லாம் அதற்குள்தான் என்றார் எங்கள் டீ டேஸ்டர் மரகதம். சொல்லிவிட்டு அழுதும்விட்டார். நான்தான் தைரியம் சொன்னேன்.

உங்களுக்குப் போன் போட்டால் நீங்கள் மீட்டிங்கில், தாரிணி எடுத்தாள்.

"என்னத்தைங்கப்பா அழிச்சீங்க?"

"வைரஸ், கண்ணு."

"வைரஸ் இல்லீங்கப்பா. இமேஜோட அடுக்குங்க. இமேஜுங்கறது மென்பொருள் ஓட வேண்டிய எல்லாத்தையும் கட்டிவெச்ச மூட்டைங்க. டாக்கர் அதை டிஸ்க்குல அடுக்கடுக்காப் பிரிச்சு, ஃபோல்டர் ஃபோல்டரா வெக்கும். பல இமேஜுக்கு அடியடுக்கு ஒண்ணேதான். நீங்க அடியை உருவிட்டீங்க."

மரகதத்தின் குறிப்பு எந்த அடுக்கில் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "பதறாதீங்க. குறிப்பெல்லாம் வால்யூம்னு தனி இடத்துல பத்திரமா இருக்குதுங்க. இமேஜை மறுக்கா இறக்கிக்கலாம். புதுசு போடறப்பெல்லாம் பழசு உள்ளயே தங்கித்தான் இடம் ரொம்பிருச்சு."

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். பழசையெல்லாம் முறைப்படி கழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் இறக்கினோம். பதினொன்றே முக்காலுக்குக் குறிப்புகள் திரையில் வந்தன. ஐந்து நிமிடத்தில் பட்டியல் போனது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது, மாப்பிள்ளை. மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

நீங்கள் இருவரும் எந்த அடுக்கும் உருவப்படாமல் நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
ஆறுக்குட்டி.

பி.கு.: இதை மரகதம் படித்துப் பார்த்தார். குறிப்புகள் எல்லாவற்றையும் வாராவாரம் அச்செடுத்து பீரோவில் வைத்திருக்கிறாராம். "அப்புறம் எதுக்குங்க அழுதீங்க?" என்றேன். "நீங்க அழுதீங்க, பாக்கப் பாவமா இருந்துச்சுங்க" என்றார்.