எட்டு நாள் வெளிநாடு

இந்த நாட்டில் பாஸ்போர்ட் கொடுப்பது அரசாங்கம். விசா கொடுப்பது அந்தந்த நாட்டுக்காரன். ஆனால் மேலகரத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒருவன் வெளிநாட்டுக்குப் போகலாமா கூடாதா என்று முடிவாகச் சொல்கிறவர் எமிக்ரேஷன் அண்ணாச்சிதான். அவர் "நில்லு" என்று சொன்ன பிறகும் விமானம் ஏறியவர்கள் உண்டு. அத்தனை பேரும் அடுத்த ஆடிக்குள் திரும்பி வந்து, அவர் கடைப் பக்கம் தலைகாட்டாமல் சுற்றுவழியாகத் தென்காசிக்குப் போய்வந்தார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தபால்காரர்கூட 'எமிக்ரேஷன் வீடு' என்றுதான் விசாரிப்பார். குற்றாலம் போகிற ரோட்டில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அதற்கு முன்பு பதினோரு வருஷம் மஸ்கட்டில் இதே வேலை. திரும்பி வருகிறவர்கள் கம்பளியும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தார். கட்டிக்கப்போகிற பெண்ணை முதலில் போய்ப் பார்க்கிறோம், பழைய பைக் வாங்கினால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறோம், வெளிநாட்டுக்கு மட்டும் ஒத்திகை பார்க்காமல் எப்படிப் போவது என்பதே அந்தக் கொள்கை.

ஒத்திகை அவர் வீட்டு மாடியறையில் நடக்கும். எட்டு நாள். அவரே வெல்டிங் செய்த இரண்டடுக்குக் கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு வாளி. சாப்பாடு, காய்ந்த ரொட்டியும் தண்ணீராய் ஓடும் பருப்பும். காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுவார். வீட்டு முற்றத்தில் சக்கரம் இல்லாத பழைய வேன் ஒன்று செங்கல்மேல் நின்றது. அதுதான் கம்பெனி பஸ். அதில் ஏறி ஒரு மணி நேரம் எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு இறங்கி அவர் கடையில் வேலை செய்ய வேண்டும். சாயங்காலம் வரும்போதும் அதே வேன், அதே ஒரு மணி நேரம். டிராஃபிக் என்பார். செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார், விடுமுறை நாளில் அரை மணி நேரம் தருவார். வேலை நேரம் தவிர மாடியை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் தோல்வி.

இதில் முக்கியமான விஷயம், ஒத்திகை ஆனி, ஆடியில் மட்டும்தான். குற்றால அருவிகளில் தண்ணீர் விழுகிற சாரல் காலத்தில் எங்கள் ஊர்க்காரனைக் கூரைக்குக் கீழே பிடித்துவைப்பது லேசான காரியம் இல்லை. பங்குனியில் வைத்தால் என்ன என்று ஒருவன் கேட்டதற்கு, "பங்குனியில எவன் வேணும்னாலும் பாஸாயிருவாம்லே. நம்மூரு வெயிலுக்கு மஸ்கட்டே தேவல" என்றார்.

வெளிநாடு நல்லதா கெட்டதா என்று அவர் வாயிலிருந்து யாராலும் பிடுங்க முடிந்ததில்லை. டீக்கடையில் இரண்டு கட்சியும் உண்டு. அங்கே போனால்தான் காசு என்று ஒரு கட்சி, கஞ்சியானாலும் சொந்த ஊர்க் கஞ்சி என்று ஒரு கட்சி. இரண்டு பேரும் அவரைத்தான் நடுவராக இழுப்பார்கள். அவர் டம்ளரை வைத்துவிட்டு, "நாட்டப் பத்திப் பேசாத. நீ தாங்குவியா, அதச் சொல்லு" என்று எழுந்து போய்விடுவார்.

நானும் தேர்வு எழுதியவன்தான். தோஹாவில் கணக்கு வேலை ஒன்று கிடைத்து, கட்டிலில் மேலடுக்கைப் பிடித்தேன். மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். ரொட்டியைத் தின்றேன், வேனில் உட்கார்ந்தேன், அவர் ஃபோர்மன் வேஷத்தில் இந்தியும் மலையாளமும் கலந்து திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். நாலாம் நாள் சாயங்காலம் அண்ணாச்சியின் மச்சினர் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.  ஈரத் துண்டைப் பிழிந்தார். அரை மணி நேரத்தில் நான் அருவிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். தோஹா வேலைக்கு வேறு யாரோ போனார்கள், நான் தென்காசியில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்தேன்.

நேர்மாறாகவும் நடந்ததுண்டு. மூன்று பிள்ளைக்காரர் ஒருவர் எட்டு நாளும் சிரித்த முகமாக இருந்து முடித்தார். ஒன்பதாம் நாளும் இறங்க மாட்டேன் என்றார். பால் வாங்கி வா, கரண்ட் பில் கட்டு என்று யாரும் சொல்லாமல் எட்டு நாள் இருந்ததே சொர்க்கம் என்றார். அவரை அண்ணாச்சியே பையோடு இறக்கிவிட்டு "போ" என்றார். குவைத்தில் இப்போதும் சௌக்கியமாக இருக்கிறார். வீட்டிலும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் ஜெபா வந்து மாட்டினாள். மாட்டினது அண்ணாச்சி என்று சொல்வதுதான் சரி.

ஜெபா அவருடைய ஒரே மகள். அவள் அம்மா, எங்கள் மதினி, காலமாகி ஆறேழு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்தே வீட்டுச் சமையல் அவள்தான். மாடிக்காரர்களுக்குக் காய்ந்த ரொட்டி சுட்டதும் அவள்தான். அப்பா பார்க்காதபோது அதில் கொஞ்சம் நெய் தடவி அனுப்புவாள் என்பது மாடியில் இருந்த எங்களுக்கு மட்டும் தெரியும். நர்சிங் படித்து, வீட்டிலிருந்தே திருநெல்வேலிக்குப் போய்வந்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே ஜெர்மன் மொழி கற்று, ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலையும் வாங்கிவிட்டாள். வருகிறாளா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அண்ணாச்சி ஒற்றை ஆள். தெருவுக்கே தெரியும். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஜெபாவும் சொல்லவில்லை. அவள் ஒரே ஒரு காரியம் கேட்டாள். ஊரிலுள்ள எல்லாரையும் சோதித்தீர்களே, என்னையும் சோதியுங்கள். போ என்றால் போகிறேன், நில்லு என்றால் திருநெல்வேலி வேலையிலேயே இருந்துவிடுகிறேன் என்றாள். அண்ணாச்சிக்கு முதலில் பெருமை தாங்கவில்லை. கட்டிலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்.

ஆனால் மஸ்கட் ஒத்திகை ஜெர்மனிக்கு ஒத்துவராது. குளிர் வேண்டும். தென்காசி மீன் மார்க்கெட்டிலிருந்து தினம் ஐஸ் பார் வாங்கிவந்து, அண்டாவில் வைத்து, டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பிவிட்டார். அங்கே பகல் குறைவு என்று யாரோ சொல்ல, மத்தியானம் மூன்று மணிக்கே ஜன்னலைச் சாக்கால் மூடினார். ஜெபா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு புத்தகம் படித்தாள். தினமும் ஐஸ் தூக்கி மாடியேறிய அண்ணாச்சிக்குச் சளி பிடித்தது. அறைக்கு மீன் வாசம் பிடித்தது.

வேனில் அவளை உட்காரவைத்தார், நன்றாகத் தூங்கினாள். ஃபோர்மன் வேஷத்தில் திட்டினார், ஜெர்மனில் பதில் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியாமல், "செரி செரி, வேலயப் பாரு" என்று பின்வாங்கினார். மச்சினர் ஈரத் துண்டோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அவள் சாக்கை விலக்கி, "மாமா, தலயத் தொவட்டுங்க, சளி பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

கீழே நிலைமை வேறு. ரொட்டி சுட ஆள் இல்லாததால் அண்ணாச்சியே அடுப்படியில் நின்றார். மோட்டாருக்குள் மயிரிழைக் கம்பியைச் சுற்றுகிற கைக்கு மாவு அடங்கவில்லை. ரொட்டி ஒவ்வொன்றும் ஒரு தேசத்தின் வரைபடமாக வந்தது. மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து, மாடிக்குப் போய் அவள் சாப்பிட்டாளா என்று பார்த்துவரச் சொன்னார். விதிப்படி பார்க்கக் கூடாதே என்றேன். நான் கேட்டதாகச் சொல்லாதே என்றார். அடுத்த நாள் நடுப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு அந்தச் சக்கரமில்லாத வேனுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன அண்ணாச்சி என்றேன். இங்கன காற்று நன்றாக வருகிறது என்றார். வேனில் ஜன்னல் திறக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் சும்மா வா என்று என்னைக் கூப்பிட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார். அடுப்பில் எதையோ ஏற்றியிருந்தார். விடுமுறை அரை மணி நேரம் என்பதால் ஜெபாவிடம் போனைக் கொடுத்திருந்தார். மாடியிலிருந்து கீழே போன் வந்தது. பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன்ட்டி."

"என்ன கொழம்பு?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"புளிக்கொழம்பு. நல்லா வந்துருக்கு."

"பொய் சொல்லாதீங்க. அடுப்புல கருகுது. இங்க வரைக்கும் வாசம் வருது."

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.  மெதுவாக, "ஜெர்மனிக்கு வாசம் வராதுல்லா" என்றார்.

 மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஜெபா இறங்கி வந்து அடுப்பை அணைத்தாள். சட்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். புடவைத் தலைப்பு மாதிரி துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பா எதிரில் நின்றாள்.

"எறங்கிட்டேன்ப்பா. ரூலுபடி நான் ஃபெயிலு. நான் போகல."

அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அணையுங்கள் என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அணைத்திருப்பேன். அவள் சொல்லவில்லை, தோற்கவென்றே இறங்கி வந்தாள். அது எனக்குப் புரிந்தது, அண்ணாச்சிக்கும் புரிந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேரை ஃபெயிலாக்கிய மனுஷர். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் கூடவே இருப்பாள். சட்டமும் அவர் பக்கம். அவர் மனசும் அந்தப் பக்கம்தான்.

ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு ஃபோர்மன் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"அருவிக்குன்னு எறங்கினாத்தாண்டி ஃபெயிலு. வீட்ல தீயின்னு எறங்கினா அது எமர்ஜென்சி லீவு. எல்லாக் கம்பெனியும் குடுப்பான். லீவு முடிஞ்சிட்டு. மேல போ."

"அப்பா..."

"போன்னு சொல்லுதேன்லா."

அவள் மாடியேறினாள். அவர் தொட்டியில் கிடந்த சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் உதவி செய்யப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டார்.

எட்டாம் நாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் "போ" என்றார். அந்த ஒரு முறைதான் முடிவைச் சொன்னதும் உடனே கடைக்குப் போகாமல் இன்னொரு டீ சொல்லி உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் காரில் போனோம். ஊரிலுள்ள எல்லாருக்கும் பயணத்துக்கு மூச்சுவிடாமல் புத்தி சொன்னவர், மலை ஏறி இறங்கும் வரை வாயே திறக்கவில்லை. வாசலில் மட்டும், தட்டில் சோறு வைத்தால் உட்கார்ந்து சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே என்றார். அங்கே சோறே வைக்க மாட்டார்களே என்று நான் சொல்லவில்லை.

ஒத்திகை நின்றுவிடவில்லை. இந்தச் சாரலுக்குப் பண்பொழியிலிருந்து ஒரு பையன் சிங்கப்பூர் போக வேண்டும் என்று வந்தான். அண்ணாச்சி அவன் அம்மாவையும் கூட்டிவரச் சொன்னார். பையன் மாடியில், அம்மா பண்பொழியில் தன் வீட்டில் தனியாக. "அவன் தாங்குததுக்கு நான் பொறுப்பு. நீங்க தாங்குவீங்களா, அதுதான் எனக்குத் தெரியணும்" என்றார். அந்த அம்மாள் முதல் நாள் அழுதார். இரண்டாம் நாள் ஒருத்திக்குச் சமைப்பது எவ்வளவு சுளுவு என்று கண்டுகொண்டார். மூன்றாம் நாள் டிவி ரிமோட் முழுக்கத் தன் கையில் இருப்பதைக் கவனித்தார். எட்டு நாளும் அமோகமாகத் தேறினார். பையன்தான் ஐந்தாம் நாள் அருவிக்கு ஓடிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். இப்போது கருகுவதில்லை. வேறு எல்லாக் கோளாறும் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெர்மனியிலிருந்து வீடியோ வரும். அப்பா சமையல் எப்படி என்று ஜெபா கேட்பாள். அவர் என் முகத்தைப் பார்ப்பார். மதினி கை அப்படியே வந்திருக்கிறது என்று சொல்லுவேன். உடனே இன்னொரு கரண்டி குழம்பு என் தட்டில் விழும். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும். நேரில் ஒரு நாளும் சொன்னதில்லை. குழம்பை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.