அப்பாவின் இரண்டு விரல்களும் என் கோட்டுப்பை கேமராவும்

அன்பும் மதிப்பும் மிக்க கட்சுனோரி அண்ணாவுக்கு,

மட்சுமோட்டோவிலிருந்து தங்கை சவாகோ வணங்கி எழுதுவது. இங்கே மலைமேல் முதல் பனி விழுந்துவிட்டது. தோக்கியோவில் நீங்களும் ஃபுயுமி அண்ணியும் நலமென்று நம்புகிறேன். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? பதினொரு கிலோ கேமரா மூட்டையோடு ஊருக்கு வந்து போனவரை வேறென்ன கேட்பது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் எண்பத்தெட்டாம் பிறந்தநாளில் நான் எடுத்த படத்தை அழித்துவிட வேண்டுமாம். அப்பாவின் காலத்துக்குப் பிறகு பூசை மாடத்தில் வைக்கப்போகும் படம் நீங்கள் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டுமாம். நீங்கள் பரிசாகக் கொடுத்த பெரிய கேமராவையும் மூன்று லென்சுகளையும் பழைய கேமராக் கடையில் கொடுத்து, உள்ளங்கை அகல விளையாட்டுச் சாமானை வாங்கிய எனக்கு இதில் பேச உரிமை இல்லையாம்.

வாங்கினேன், அண்ணா. ஒளிக்கவில்லை. உங்கள் பரிசு நான்கு வருடம் என் அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் அந்தப் பையைப் பார்ப்பேன், அதுவும் என்னைப் பார்க்கும், நாளைக்கு என்று கதவைச் சாத்துவேன். அப்படியே அம்மாவின் கடைசி வருடம் முழுவதும் போய்விட்டது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. கடைசியில் பூசை மாடத்துக்காக யாருடைய கல்யாணக் கும்பல் படத்திலிருந்தோ அம்மாவின் முகத்தை வெட்டி எடுத்தோம்; படக்கடைக்காரர் கணினியில் கறுப்புக் கிமோனோ ஒன்றை உடுத்திவிட்டார். தினமும் காலையில் நான் ஊதுவத்தி ஏற்றுவது, அம்மா தன் வாழ்நாளில் பார்த்தே இராத ஒரு கிமோனோவுக்கு முன்னால். இது உங்களை உறுத்தவில்லையா?

பிறந்தநாளன்று நடந்ததையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், உங்களுக்குச் சாதகமாக. நான் கண்டதையும் கேளுங்கள். எண்பத்தெட்டுக்கு நம் வழக்கப்படி மஞ்சள் தொப்பியும் மஞ்சள் மேற்சட்டையும் போட்டு அப்பாவைத் தோட்டத்தில் உட்காரவைத்தீர்கள். ட்ரைபாட், குடை விளக்கு, வெள்ளைத் துணி என்று ஒரு கல்யாண மண்டபமே எழும்பியது. கேமரா நிமிர்ந்ததும், படமென்றாலே நம் நாட்டில் எல்லோரும் செய்வதுபோல அப்பா கன்னத்தருகே இரண்டு விரல்களை விரித்தார்.

"அப்பா, வெரல எறக்குங்க. இது பூசை மாடத்துக்கு!"

"எறக்கிட்டேன்டா. அதுவா ஏறுது."

"ஏங்க, மாமாவுக்குக் காலு மரத்துப்போயிருக்கும். கொஞ்சம் விடுங்களேன்" என்றார் அண்ணி.

"நீ சும்மா இரு. வெளிச்சம் போயிடும்!"

நாற்பத்து மூன்று படங்கள், எண்பத்தாறு விரல்கள். அண்ணி கைப்பேசியில் முயன்றார். நம் நாட்டுக் கைப்பேசிகள்தான் 'க்ளிக்' என்று கத்தாமல் படம் எடுக்காதவை ஆயிற்றே. சத்தம் கேட்டதுமே அப்பாவின் கை தானாக எழுந்தது. பிறகு நீங்கள் வேறு இடம் தேடி மூட்டையோடு நகர்ந்தீர்கள். நான் அப்பாவின் கையில் தேநீரைக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதற்கோ அப்படியொரு சிரிப்பு சிரித்தார், கண்ணே தெரியாமல். என் கேமரா கோட்டுப்பையிலிருந்து வந்தது, சத்தமில்லாமல் எடுத்தது, திரும்பிப் போயிற்று. நான் உங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இப்போது, உங்கள் படத்திலிருந்து விரல்களைக் கணினியில் நீக்கிவிடலாம் என்கிறீர்கள். அம்மாவுக்கு இல்லாத உடையைக் கொடுத்தோம். அப்பாவிடமிருந்து இருக்கிற விரல்களையும் பிடுங்க வேண்டுமா? எத்தனை கோடிப் புள்ளிகள் இருந்தால் என்ன, அதில் இருப்பது உங்களுக்குப் பயந்த ஒரு கிழவர். என் படத்தில் இருப்பது அப்பா. அந்தச் சிரிப்பை எடுத்தது என் கேமரா. உங்கள் மூட்டைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. நான் அழிக்கமாட்டேன்.

குளிர் கூடுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

பணிவுடன்,
சவாகோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அப்பா வந்தார். படத்தைக் காட்டி, "எதப் பாத்துப்பா இப்படிச் சிரிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒங்கண்ணனத்தான். பின்பக்கமாவே நடந்து போனானா, முதுகு மூட்டை பெர்சிமன் பழமரத்துல இடிச்சிச்சு. யாரோன்னு நெனச்சுத் திரும்பி, 'மன்னிச்சுக்கோங்க'ன்னு இடுப்பு வளையக் கும்பிட்டான். நிமிர்ந்து திரும்பினான், மறுபடியும் இடிச்சான், மறுபடியும் கும்பிட்டான். எனக்குக்கூட அப்படிக் குனிஞ்சதில்ல, படவா."

அதோடு, படத்தில் தொப்பி கோணலாக இருக்கிறதாம், இன்னொன்று எடுக்க வேண்டுமாம். நான் கோட்டுப்பையில் கைவிட்டேன். "இந்தச் சின்னப் பொட்டியப் பாத்தா யாருக்கும்மா சிரிப்பு வரும்? அவன வரச் சொல்லு" என்கிறார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அண்ணா. மூட்டையில் ஒன்றையும் குறைக்க வேண்டாம். மரம் அதே இடத்தில்தான் நிற்கிறது.